முதலாளி யார் என்று முதலில் கேளுங்கள்: பல்கலைக்கழகம் பாதிச் சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்புகள்

மத்திய இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாணவர்களைச் சிறு நிறுவனங்களில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்பில் சேர்த்துவிடுவதும், அதற்கான ஒப்பந்தத்தை இரு தரப்போடும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பதும்தான் என் அன்றாட வேலை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு அக்கா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சட்டப்படி உன் முதலாளி யார், பல்கலைக்கழகமா, அந்த நிறுவனமா? வரி, விடுப்பு, காப்பீடு, விசா, நீ செய்து கொடுத்த வேலையின் உரிமை எல்லாமே இந்த ஒரு பதிலில் தொங்குகின்றன.

திட்டம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உள்ள தனியார் நிறுவனங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 250 பேருக்குக் குறைவாக வேலை செய்பவை. பெரிய வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பம் வாங்கி, தேர்வு வைத்து, கோடைக்கால இன்டர்ன்களை எடுத்துவிடுகின்றன. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கோ பட்டறைக்கோ அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை, பல சமயம் முழுச் சம்பளம் கொடுக்கப் பணமும் இல்லை. அந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் நிரப்புகின்றன. சம்பளத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் ஏற்கும், மீதியை நிறுவனம் தரும். எங்கள் திட்டத்தில் பாதிக்குப் பாதி. பங்கும் உச்சவரம்பும் இடத்துக்கு இடம் மாறும்.

பணம் வரும் வழிகள் இரண்டு. முதல் வழியில் நிறுவனமே மாணவரைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்து முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடும். பிறகு சம்பளச் சீட்டுகளை அனுப்பி, பல்கலைக்கழகத்தின் பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இரண்டாவது வழியில் பல்கலைக்கழகம் மாணவரைத் தன் பட்டியலில் வைத்துச் சம்பளம் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் பங்குக்குப் பில் அனுப்பும். மாணவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது, அவ்வளவுதான். வித்தியாசம் தெரிவது ஏதாவது சிக்கல் வரும்போதுதான்.

முதல் வழியில் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது என்பதற்கு ஒரு மொத்த வியாபாரியின் கதையைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணனும் தம்பியும் நடத்தும் கடை. உறைந்த மீன், ஒடியல் மா, ராசவள்ளிக்கிழங்கு, மிளகாய்த்தூள் என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் சரக்குப் போகிறது. குளிர்பதன அறைக்குப் பின்னால் சின்ன அலுவலகம். மேசையில் தடித்த பேரேடு. எந்தப் பெட்டி எப்போது வந்தது, எது எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் அண்ணனின் கையெழுத்தில். அவர் கையெழுத்து அவர் தம்பிக்கே பாதி புரியாது. இருப்பைக் கணினியில் ஏற்ற ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டுத்தான் என்னை அழைத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து தரவு அறிவியலில் எம்.எஸ்ஸி. படிக்கும் ஒரு மாணவரை அழைத்துக்கொண்டு போனேன்.

பால்தேநீர் வந்தது. பிள்ளையின் ஊர், தகப்பன் தொழில் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, முதலில் ஒரு மாதம் சும்மா வந்து பழகட்டும். வேலை பிடித்தால் பிறகு சம்பளத்தைப் பார்ப்போம். நாங்கள் எல்லோரும் இந்த நாட்டில் அப்படித்தானே தொடங்கினோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள, ஓராண்டுக்கு மேற்படாத பணிப்பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து விலக்கு உண்டு. வேலையே செய்யாமல் கூட இருந்து பார்த்துப் போவதற்கும் ஊதியம் தேவையில்லை. மற்றபடி, நேரம் குறித்து, சொன்ன வேலையைச் செய்து கொடுக்கிற ஒருவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். அவரை இன்டர்ன் என்று அழைத்தாலும் பயிற்சியாளர் என்று அழைத்தாலும் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்கு அது மணிக்கு 12.21 பவுண்ட், 18 முதல் 20 வயதுவரை 10 பவுண்ட். 2026 ஏப்ரலில் முறையே 12.71, 10.85 என்று உயர்ந்தது. மாணவரே "பரவாயில்லை, சும்மா செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இந்த உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிர தொழிலாளி அல்லர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே கிடைப்பது உதவித்தொகை. 2019இல் திருத்திய விதி பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தது, அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களில் அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஏற்கும். பாதிக்குப் பாதி என்ற கணக்கைப் பார்த்து இங்கேயும் அதே ஏற்பாடுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே கொடுப்பது ஊதியம், வாங்குபவர் தொழிலாளி. அதற்குரிய எல்லா உரிமையும் முதல் நாளிலிருந்தே கூட வருகிறது.

ஊதியத்துக்கு அண்ணன் ஒப்புக்கொண்டார். அடுத்தது மணி.

"அப்படியென்றால் கோடையில் முழு நேரமும் வரட்டும். பாடம்தான் இல்லையே?"

மாணவரும் தலையாட்டினார். அவருக்கும் விசா விதி தெரிந்திருக்கவில்லை. மாணவர் விசாவில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர் கல்விப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். இளநிலை மாணவருக்குக் கோடை விடுமுறைதான். ஆனால் ஓராண்டு எம்.எஸ்ஸி. படிப்பில், பல பல்கலைக்கழகங்களில், கோடை முழுக்க ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பு இல்லாவிட்டாலும் அது பருவ காலமாகவே கணக்கிடப்படும். ஆகவே ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதே 20 மணிதான். ஒவ்வோர் ஆண்டும் முதுநிலை மாணவர்கள் சிக்கும் இடம் இதுதான். நண்பன் சொன்னான், அறைத்தோழன் செய்கிறான் என்பதை நம்பாமல், உங்கள் படிப்புக்கான பருவ, விடுமுறைத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த 20 மணி என்பது எல்லா வேலைகளையும் சேர்த்து. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறுவரை. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி 20 என்று கணக்குக் காட்ட முடியாது. நம் மாணவர் ஏற்கெனவே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 8 மணி வேலை செய்துகொண்டிருந்தார். ஆகவே கடைக்கு மிச்சம் 12 மணிதான். வாரத்துக்கு வாரம் மணி கூடக் குறைய இருக்கலாம், 12ஐத் தாண்டாது, மொத்தம் 100 மணி என்று எழுதினோம். சூப்பர்மார்க்கெட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று கூடுதல் ஷிப்டுக்குக் கூப்பிட்டால், போவதற்கு முன் கடையின் மணியைக் குறைக்க வேண்டும் என்பதையும் மாணவரிடம் அழுத்திச் சொன்னேன். மீறினால் போவது விசா. சம்பளத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

இந்த இடத்தில் வேறு சில முதலாளிகள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். "சம்பளப் பட்டியல் எல்லாம் எதற்கு? நீயே ஒரு பில் போட்டுக் கொடு, பணத்தை அனுப்பிவிடுகிறேன்." பில் போடுவது என்றால் சுயதொழில் செய்வது. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, ஒரு மணி நேரத்துக்குக்கூட. முதலாளிக்கு அது கணக்குப்பிள்ளையின் வேலையை மிச்சப்படுத்தும், மாணவருக்கோ விசா விதிமீறல். அப்படிக் கேட்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அண்ணனின் பக்கம். அதுவரை அந்தக் கடையில் வேலை செய்தவர்கள் குடும்பத்தார் மட்டுமே. கடை கூட்டாண்மை வியாபாரம், லிமிடெட் கம்பெனி அல்ல. வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பது இதுவே முதல் முறை. ஆகவே அவர் வரித்துறையில் முதலாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு எண் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் சம்பள நாளுக்கு வெகு முன்பே அதைத் தொடங்கச் சொன்னேன்.

அடுத்தது, முதலாளி பொறுப்புக் காப்பீடு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியாளர் வேலையில் காயப்பட்டாலோ நோயுற்றாலோ இழப்பீடு கொடுக்கக் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்ட் வரை அபராதம் போடலாம். கம்பெனியாகப் பதியாத, நெருங்கிய சொந்தங்கள் மட்டுமே வேலை செய்யும் குடும்ப வியாபாரத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நம்மவர்கள் நடத்தும் பல கடைகள் இத்தனை காலமும் அந்த விலக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளிப் பிள்ளை ஒருவர் உள்ளே வந்த நாளிலேயே அந்த விலக்கு போய்விடுகிறது. கடைக் காப்பீட்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். தீ, திருட்டு, குளிர்பதனப் பெட்டி பழுது எல்லாம் இருந்தன, இது இல்லை. அண்ணன் அப்போதே காப்பீட்டுத் தரகருக்குப் போன் போட்டார்.

மூன்றாவது, வேலை செய்யும் உரிமையைச் சரிபார்ப்பது. மாணவர் தன் விசா விவரத்தைப் பகிர அரசு இணையதளம் தரும் ஷேர் கோட் என்ற குறியெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுப்பார். முதலாளி அரசு இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்த்து, வரும் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைக்க வேண்டும். மாணவர் விசா என்றால் பருவ, விடுமுறைத் தேதிகளின் நகலும் கோப்பில் வேண்டும். "நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்தானே, தங்கச்சி?" என்று கேட்டார். பார்த்தோம், எங்கள் தேவைக்கு. சம்பளம் கொடுப்பவர் அவர் என்பதால் அவரே பார்த்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து, உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவைக்கு ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம், மறுபடியும் என்றால் 60,000 வரை. பாதிச் சம்பளத்தை நாங்கள் தருவதால் அபராதத்தில் பாதியை நாங்கள் ஏற்கப் போவதில்லை. நான் இதைச் சொன்னதும் அண்ணன் பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் கணினியைத் திறந்தார்.

இரண்டாவது வழியில், பல்கலைக்கழகம் முதலாளி என்றால், பதிவும் சரிபார்ப்பும் சம்பளக் கணக்கும் எங்கள் தலையில். அதனால் முதல் முறை ஆள் எடுக்கும் சின்னக் கடைகளுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆனாலும் காப்பீட்டுத் தாளை நாங்கள் கேட்போம். சம்பளம் யார் கொடுத்தாலும் வழுக்கி விழுவது அவர்கள் தரையில்.

இனிப் பணக் கணக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அறிவிப்பில் காட்டும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையில்தான் மனக்கசப்பு முளைக்கிறது.

அது 2025 கோடை. 100 மணிக்கு 12.21 வீதம் 1,221 பவுண்ட். இது அடிப்படை. தொழிலாளிக்கு ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குறுகிய கால இன்டர்னுக்கும் அதே விகிதம். மணி மாறிமாறி வரும் வேலையில், செய்த மணிக்கான ஊதியத்தில் 12.07 சதவீதத்தை விடுப்பூதியமாக ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்தே கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலுக்குப் பின் தொடங்கும் விடுப்பாண்டுகளுக்குச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது சம்பளச் சீட்டில் தனி வரியாகத் தெரிய வேண்டும். 1,221இல் 12.07 சதவீதம் 147 பவுண்ட் 37 பென்ஸ். ஆக மொத்தம் 1,368.37. "மணிக்கு 12.21, விடுப்பும் அதற்குள் அடக்கம்" என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போய்விடுகிறது. இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். வாரம் இத்தனை மணி என்று நிலையாக இருந்தால் விடுப்பை நாளாகவே எடுக்க வேண்டும், எடுக்காமல் மிச்சமிருந்தால் கடைசிச் சம்பளத்தில் பணமாக வரும்.

பல்கலைக்கழகத்தின் பாதி இந்த விடுப்பூதியத்துக்கும் உண்டா, அடிப்படைக்கு மட்டுமா என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தேசியக் காப்பீடு என்பது ஓய்வூதியம் முதலியவற்றுக்காக ஊதியத்தின் மீது அரசுக்குக் கட்டும் தொகை. முதலாளி கட்டும் பங்கு, ஊதியத்தில் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் போகும் பகுதிக்கு 15 சதவீதம், 2025 ஏப்ரலிலிருந்து. வாரம் 12 மணி வேலைக்குக் கொஞ்சம்தான் வரும். மாணவருக்கு 21 வயது நிரம்பவில்லை என்றால் பொதுவாக அதுவும் இல்லை. சிறு முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்ட் வரை சலுகையும் இருக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

முதல் சம்பளச் சீட்டு வந்த அன்று மாணவர் என் அறைக்கு ஓடிவந்தார். "அக்கா, 656 பவுண்ட் வர வேண்டும், 131 பவுண்டைப் பிடித்துவிட்டார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?" சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கு வாரம், 48 மணி, 586.08 பவுண்ட். விடுப்பூதியம் 70.74. வரிக் குறியீடு பி.ஆர். அங்கேதான் விடை. புதிதாகச் சேரும்போது நிரப்பும் படிவத்தில் தனக்கு வேறு வேலையும் இருக்கிறது என்று அவர் உண்மையாகக் குறித்திருந்தார். வரியில்லாத ஆண்டு வரம்பு 12,570 பவுண்ட் முழுவதும் சூப்பர்மார்க்கெட் வேலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வேலையில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடித்தார்கள். இரண்டு வேலையும் சேர்த்து ஆண்டு வருமானம் அந்த வரம்பில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே பிடித்த வரி முழுவதும் அவருடைய பணம். வரித்துறையின் இணையக் கணக்கில் நுழைந்து, வரம்பை இரு வேலைகளுக்கும் பிரித்துத் தரும்படி கேட்கலாம். அல்லது ஏப்ரல் 5இல் வரியாண்டு முடிந்த பிறகு திரும்பப் பெறலாம். கடைக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை. தேசியக் காப்பீடு அவருக்குப் பிடிக்கப்படவில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது, வாரம் 242 பவுண்டைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். வாரம் 35 மணி வேலை செய்யும் இன்டர்னுக்கு அதுவும் இருக்கும். வெளிநாட்டு மாணவருக்கு இந்த இரண்டிலிருந்தும் தனி விலக்கு எதுவும் கிடையாது.

இன்னொன்று: நிறுவனம் முதலாளி என்றால், பல்கலைக்கழகத்தின் பணம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் சம்பளம் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. "பல்கலைக்கழகம் இன்னும் அனுப்பவில்லை, வந்ததும் தருகிறேன்" என்ற பதிலைப் பல பிள்ளைகள் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டு வாடகைக்குக் கடன் வாங்குகிறார்கள். ஏற்க வேண்டாம். எங்களிடம் சொல்லுங்கள். எங்களுக்குச் சம்பளச் சீட்டு வந்தால்தான் நாங்கள் அனுப்பவே முடியும். அதாவது அவர் முதலில் கொடுத்தே ஆக வேண்டும். நாங்கள் பேசியும் தீரவில்லை என்றால் வேலையிடப் பிரச்சினைகளுக்கு வழிகாட்டும் ஏகாஸ் (Acas) என்ற பொது அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம், பெயர் சொல்லாமலும் கேட்கலாம்.

என்ன வேலை என்ற பகுதியை எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். "கணினி வேலைகளும் பிற உதவிகளும்" என்றுதான் அண்ணனும் முதலில் எழுதியிருந்தார். அந்தப் "பிற உதவிகள்" எனக்குப் பயம். கொள்கலன் வண்டி வரும் நாளில் அந்தக் கடையில் எல்லோரும் இறங்கி மீன்பெட்டி தூக்குகிறார்கள், முதலாளி உட்பட. அந்த நேரத்தில் நம் பிள்ளை மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க மனம் வருமா? வராது, நாம் அப்படி வளர்க்கப்படவில்லை. ஒரு நாள் கை கொடுப்பதில் தவறில்லை. வாரந்தோறும் அதுவே நடந்தால் நூறு மணி பெட்டி தூக்குவதிலேயே கரைந்துவிடும். மேலும் பாரம் தூக்கச் சொல்லித்தராமல் தூக்க வைத்து முதுகு பிடித்துக்கொண்டால் காப்பீட்டில் ஆயிரம் கேள்வி வரும். ஆகவே மூவரும் உட்கார்ந்து, நூறாவது மணியில் அண்ணன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதினோம். எல்லாச் சரக்கின் இருப்பும் காலாவதித் தேதியும் ஒரே கோப்பில். தேதி நெருங்கும் பெட்டிகள் சிவப்பில் தெரிய வேண்டும். தம்பி தனியாக அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வரியைச் சேர்த்தவர் தம்பிதான், மற்ற இரண்டையும்விட அதுதான் முக்கியம் என்றும் சொன்னார். நானும் அவர் கட்சிதான். இன்டர்ன் போன மறுநாள் யாருக்கும் திறக்கத் தெரியாத கோப்புகளைப் பல நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன்.

யார் மேற்பார்வை என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். சின்ன இடங்களில் முதலாளி ஊருக்குப் போய்விட்டால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. அவர் இல்லாத நாளில் யாரைக் கேட்பது, வாரத்தில் எந்த அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது, இந்த இரண்டு போதும்.

செய்து கொடுத்த வேலையின் உரிமை யாருக்கு என்ற கேள்வி கடைக் கணக்கில் பெரிதாக எழவில்லை. வேறோர் இடத்தில் எழுந்தது. குழந்தைகளுக்கான கற்றல் செயலி செய்யும் மிகச் சிறிய நிறுவனம், ஓவியம் படிக்கும் மாணவி, இரண்டாவது வழி, அதாவது சம்பளம் பல்கலைக்கழகப் பட்டியலில். படங்கள் அழகாக வந்தன. நிறுவனம் அவற்றை அச்சுப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தை அணுகியபோது, உரிமைப் பத்திரம் எங்கே என்று பதிப்பகம் கேட்டது. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியாளர் பணியின் பகுதியாகச் செய்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். இங்கே முதலாளி பல்கலைக்கழகம்! நிறுவனம் பாதிச் சம்பளம் கொடுத்திருந்தும் உரிமை தானாக அதற்குப் போய்ச் சேரவில்லை. பிறகு உரிமை மாற்றப் பத்திரம் எழுதித் தீர்த்தார்கள், ஆனால் அதற்குள் பல வாரங்கள் வீண். முன்பே ஒரு பத்தி எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்: படைப்பின் உரிமை நிறுவனத்துக்கு, மாணவர் தன் வேலையின் மாதிரிகளைப் பிற முதலாளிகளிடம் காட்டலாம், ஆய்வேட்டில் பயன்படுத்த வேண்டுமானால் எதை மறைத்துப் பயன்படுத்தலாம். மாதிரிகளைக் காட்டும் இந்த அனுமதியை மாணவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சிறு விஷயங்கள் சில. பணி விவரங்கள் எழுதிய தாள் முதல் நாளுக்குள் கையில் வர வேண்டும், 2020 ஏப்ரலிலிருந்து அது சட்டம். ஏப்ரல் 1ஐத் தாண்டி நீளும் ஒப்பந்தத்தில் புதிய ஊதிய விகிதம் இடையிலேயே அமலாகும். இடையில் 21 வயது நிரம்பினாலும் அப்படித்தான். மடிக்கணினிக்கு வைப்புத்தொகை, சீருடைக்குக் கழிவு என்று பிடித்து அதனால் ஊதியம் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊருக்குப் போய் அங்கிருந்து இணையத்தில் வேலை செய்கிறேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. எங்கள் திட்டத்தில் அனுமதியில்லை, வரியும் காப்பீடும் இரண்டு நாட்டில் சிக்கிக்கொள்ளும். நிறுவனங்களுக்கு ஒன்று: பொதுப் பணத்திலிருந்து வரும் உதவி என்றால், மூன்று நிதியாண்டில் இத்தகைய உதவி 3,15,000 பவுண்டைத் தாண்டவில்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். படிவத்தைப் பார்த்துப் பயந்து விலகிவிடுகிறார்கள். சின்னக் கடை அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போயிருக்காது, கையெழுத்துப் போட்டுவிடலாம்.

முடிக்கும் வாரத்தில் மாணவர் மூன்றைக் கையோடு வாங்க வேண்டும். கடைசிச் சம்பளச் சீட்டு, விடுப்பூதியம் முழுவதும் வந்திருக்கிறதா என்று பார்க்க. பி45 என்ற விலகல் படிவம், அதில்லாமல் அடுத்த வேலையில் வரிக் குறியீடு மறுபடியும் குழம்பும், பிடித்த வரியைக் கேட்கும்போதும் அதிலுள்ள தொகை வேண்டும். அப்புறம் பரிந்துரைக் கடிதம். பெரிய நிறுவனத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கும். சின்ன இடத்தில் முதலாளி இதுவரை ஒரு கடிதமும் எழுதியிருக்க மாட்டார், எழுதச் சொன்னால் "நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவார்" என்று நிறுத்திவிடுவார். அண்ணனும் அதைத்தான் எழுதினார். நான் அவருக்கு மூன்று கேள்வி அனுப்பினேன்: இந்தப் பிள்ளை வருமுன் என்ன சிரமம் இருந்தது, என்ன செய்து கொடுத்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது? காலாவதியாகித் தூக்கி எறியும் பெட்டிகள் குறைந்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதி அனுப்பினார். மாணவரும் நானும் அதை ஆங்கிலத்தில் ஆக்கி, அவருக்கு வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினோம். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இந்த விவரமெல்லாம் அவர்களுக்கே மறந்துவிடும். கடைசி வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.